கசியாத ஒன்று

ஜெனீவா டில்லர்டுக்குச் சுவிட்சர்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அவள் அம்மாவின் அத்தைக்கு அந்தப் பெயர். அதை இவளுக்கும் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் நியூபோர்ட் நியூஸ் ஊரில் உள்ள துகள் முடுக்கி ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு இயற்பியல்காரரும் அவள் சட்டையில் தைத்திருக்கும் பெயரைப் படித்துவிட்டு, ஜெனீவா நகரத்தில் இருக்கும் அந்த இன்னொரு பெரிய முடுக்கியை நினைத்துக்கொண்டு, "ஓஹோ, போட்டிக் கம்பெனி ஆளா நீங்க?" என்பார். தனக்கு மட்டுமே தோன்றிய வேடிக்கை என்று நினைப்பு. பதினான்கு வருடமாக அவளும் அதே சிரிப்பைச் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

அவள் வேலை கசிவு தேடுவது. இங்கே வருவதற்கு முன்னால் ஆற்றோரக் கப்பல் கட்டும் தளத்தில் பத்தொன்பது வருடம் அதையேதான் செய்தாள். நீர்மூழ்கிக் கப்பலின் குழாய்கள், வால்வுகள், பற்றவைத்த மூட்டுகள் எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் கடலுக்குப் போகும். முழங்கால் ஏணி ஏறுவதற்கு மறுத்தபோது அங்கிருந்து விலகி, முடுக்கியின் இலக்குப் பிரிவில் சேர்ந்தாள்.

இலக்கு என்றால் ஒரு சின்ன அலுமினியக் குழாய். கட்டைவிரல் பருமன், ஒரு சாண் நீளம். உள்ளே திரவ ஹைட்ரஜன், சுழிக்குக் கீழே இருநூற்று ஐம்பத்து மூன்று பாகைக் குளிரில். பூமிக்கடியில் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடி வருகிற எலக்ட்ரான் கற்றை அந்தக் குழாய்க்குள் புகுந்து ஹைட்ரஜனின் புரோட்டான்களை இடிக்கும். இடித்துத் தெறிப்பதைப் பெரிய பெரிய கருவிகள் பார்த்துக் குறித்துக்கொள்ளும். எதற்காக இடிக்கிறார்கள் என்று ஜெனீவா கேட்டதில்லை. முப்பது சோதனைகளுக்கு மேல் இலக்கைக் காத்துக் கொடுத்திருக்கிறாள். முப்பது கூட்டம் வந்தது, போனது. அவளுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் இருக்கிறதா என்பதுதான்.

"மனுஷன் பண்ண எதுவும் கசியும்," என்பாள், புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம். "கசியலைன்னு எவனாவது சொன்னா, அவன் சரியா பாக்கலைன்னு அர்த்தம்."

அந்தச் செப்டம்பரில் ஷுஷானிக் என்ற பெண் தன் சோதனையைப் பற்றிப் பேசக் கூட்டம் போட்டாள். வெளிநாட்டில் யெரெவான் என்ற ஊர்க்காரி, நாற்பத்தொரு வயது. பத்து வருடமாக இந்த ஊரில்தான் வாசம். மெலிந்த உடம்பு, வேகமான பேச்சு, எதையும் பாதியில் விடாத ஆள். இந்தச் சோதனைக்கு விண்ணப்பம் எழுதி, ஒப்புதல் வாங்கி, வரிசையில் நின்று, முடிவில் நாற்பது நாள் கற்றை கிடைப்பதற்கு அவளுக்கு ஏழு வருடம் ஆகியிருந்தது.

ஜெனீவா பின்வரிசையில் உட்கார்ந்து, ஹாலிஸ் கொண்டு வந்திருந்த பன்றி இறைச்சி வைத்த மெத்து ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். ஹாலிஸ் அவளோடு வேலை செய்கிறவன். ஆற்றுக்கு அக்கரையில் நண்டு பிடிக்கிற குடும்பம், தலையில் ஒரு முடி கிடையாது. திரையில் ஒரு படம் வந்தது. அதன் தலைப்பில் 'புரோட்டானுக்குள் அழுத்தம்' என்று இருந்தது.

ஜெனீவா மெல்வதை நிறுத்தினாள். அழுத்தம் என்ற சொல்லை இந்தக் கூட்டங்களில் அவள் தன் குழாயைப் பற்றித்தான் கேட்டிருக்கிறாள்.

"ஒரு சந்தேகம்," என்றாள் சத்தமாக. "அதுக்கு எங்க மீட்டர் மாட்டப் போறீங்க?"

அறை சிரித்தது. ஷுஷானிக் சிரிக்கவில்லை.

"மீட்டர் மாட்ட இடம் இல்ல, மிஸ் ஜெனீவா. அதனாலதான் நாப்பது நாள் இடிக்கறோம். உங்க ஹைட்ரஜன் நாப்பது நாளும் அசையாம இருந்தா, மீட்டர் இல்லாமலே சொல்லிடுவேன்."

"இருக்கும்," என்றாள் ஜெனீவா.

இருக்கவில்லை.

பதினோராவது நாள் மத்தியானம், வடகிழக்கிலிருந்து புயல் மழை வந்து ஊரை நனைத்துக்கொண்டிருந்தபோது, ஜெனீவா கட்டுப்பாட்டு அறைக்குள் ஒரு தாளோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைத் தாள்; பின்பக்கம் முழுக்க பென்சிலில் எண்கள். வெளியே வைத்திருக்கும் ஹைட்ரஜன் தொட்டியின் அளவு மூன்று நாளாகக் குறைந்துகொண்டே வந்தது.

"மழை, ஜெனீவா," என்றான் ஹாலிஸ். "குளுந்து போச்சு, தொட்டியில வாயு சுருங்குது. ஒவ்வொரு அக்டோபரும் இதே கதைதான்."

"குளிரைக் கழிச்சுட்டுத்தான் கணக்குப் போட்டிருக்கேன். அப்பவும் குறையுது."

ஷுஷானிக் தன் நாற்காலியிலிருந்து திரும்பினாள். அவளுக்கு முன்னால் இருந்த திரையில், கருவிகள் குறித்த இடிபாட்டு நிகழ்வுகள் ஒவ்வொன்றாக விழுந்து சேர்ந்துகொண்டிருந்தன. பத்து நாளாக அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், குழந்தை தூங்குவதைத் தாய் பார்ப்பதுபோல.

"எவ்ளோ குறையுது?"

"ஒரு நாளைக்கு ஆயிரத்துல ஒரு பங்கு."

"அவ்ளோதானா? நாப்பது நாளுக்கு நூத்துல நாலு பங்கு. போனா போகட்டும். ஊத்திக்கலாம்."

"கசிவு இன்னிக்கு இருக்கற அளவுல நிக்காது, கண்ணு. இது குழாயைச் சுத்தி இருக்கற வெற்றிடத்துக்குள்ள போகுது. இப்போதைக்கு பம்பு இழுத்து வெளிய விடுது. ஒரு நாள் முடியாமப் போகும். அப்ப மொத்தமும் கொதிச்சு ஆவியாயிடும். குழாய் போச்சுன்னா இன்னொண்ணு பண்ண ரெண்டு மாசம்."

"நிக்கவும் செய்யலாமே?"

"செய்யலாம். நின்னு நான் பாத்ததில்ல."

"பிரிச்சுப் பாத்தா எத்தனை நாள் போகும்?"

"மூணு. நாலும் ஆகலாம்."

ஷுஷானிக் எழுந்து நின்றாள். குரல் இறங்கியிருந்தது. "ஏழு வருஷம், மிஸ் ஜெனீவா. இன்னொரு தடவை எனக்குத் தர மாட்டாங்க. உங்க கணக்கு தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். ஆனா இப்ப நிறுத்தணும்."

இலக்கைப் பற்றிய கடைசிச் சொல் இலக்குப் பிரிவுக்குத்தான் என்பது அங்கே எழுதாத சட்டம். கற்றை நின்றது. திரையில் நிகழ்வுகள் விழுவதும் நின்றது. ஷுஷானிக் குடையைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டாள்.

குழாயை மெல்ல மெல்லச் சூடாக்கி, ஹைட்ரஜனை வெளியேற்றி, கதிர்வீச்சு அடங்கி, இலக்கு இருக்கும் பூமிக்கடிக் கூடத்துக்குள் நுழைவதற்கே ஒரு முழு நாள் ஆனது. அதற்கப்புறம் ஜெனீவாவின் வேலை. மெல்லிய மூக்கு வைத்த துப்பாக்கியால் ஒவ்வொரு மூட்டிலும் ஹீலியம் வாயுவைப் பீச்ச வேண்டும். எங்காவது சின்னஞ்சிறு ஓட்டை இருந்தால் வாயு அதன் வழியே உள்ளே போகும். மறுமுனையில் இருக்கும் கருவி சத்தம் போடும். வேகமாகச் செய்தால் கசிவது எந்த மூட்டு என்று தெரியாமல் போகும். ஆகவே ஒரு மூட்டு, ஒரு நிமிடம் காத்திருப்பு, அடுத்த மூட்டு. முப்பத்தேழு மூட்டுகள். முழங்கால் கெஞ்சியது. முதல் நாள் ஒன்றும் சிக்கவில்லை. ஹாலிஸ் அவளைப் பார்க்காமல் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தான். 'தப்பாக இருந்தால்' என்று அவள் சொன்னது இரண்டு பேர் காதிலும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, இருபத்தொன்பதாவது மூட்டில் கருவி முனகியது.

மறையாணிகளைக் கழற்றினார்கள். அந்த மூட்டை அடைப்பது இண்டியம் என்ற உலோகம். மெழுகு மாதிரி மெத்தென்று இருக்கும். கம்பியாக வளைத்து இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து நசுக்கினால் மயிரிழை இடமும் விடாமல் நிரப்பிக்கொள்ளும். நசுங்கிய வளையம் வெள்ளியைப் போல மின்னியது. அதன் குறுக்கே, உள்ளேயிருந்து வெளியே, ஒரு முடி கிடந்தது. நரைத்தது. சுருள் கம்பி மாதிரி வளைந்தது.

ஹாலிஸ் தொப்பியைக் கழற்றித் தன் வழுக்கைத் தலையைத் தடவினான். "என்னுது இல்லைன்னு பைபிள் மேல சத்தியம் பண்றேன்."

ஜெனீவாவுக்கு ஞாபகம் வந்தது. ஆகஸ்ட் மாதம், பொருத்தும் அறையில் குளிர்சாதனம் நின்றுபோன நாள். வேர்வை கண்ணில் இறங்க, தலையுறையை இரண்டே நிமிடம் கழற்றிவிட்டு நெற்றியைத் துடைத்தாள். அந்த மூட்டை அவள்தான் அடைத்தாள். சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டதும் அவள்தான்.

முடியை இடுக்கியால் எடுத்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஷுஷானிக்கின் அறைக்குப் போனாள். மேசைமேல் வைத்தாள்.

"கசிவு இருந்துச்சு. நான் சொன்னது சரி. ஆனா கசிவு பண்ணதும் நான்தான். இது என் முடி."

ஷுஷானிக் பையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நாலு நாள்," என்றாள் பிறகு.

"நாலு நாள்."

"எனக்கு உங்க மேல பயங்கரக் கோபம் வரணும். நாளைக்குப் பட்டுக்கறேன். இன்னிக்கு வேலை கிடக்கு." பையைத் திருப்பிக் கொடுத்தாள். "வந்து சொல்லாம இருந்திருக்கலாமே. குப்பையில போட்டிருந்தா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றாள் ஜெனீவா.

மறுநாள் குழாய் மீண்டும் குளிர்ந்துகொண்டிருந்தது. குளிர்விப்பதை அவசரப்படுத்த முடியாது. எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஷுஷானிக் வீட்டில் சுட்ட இனிப்பு ரொட்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபப்படுவதாகச் சொன்னதை மறந்துவிட்டாளா, ஒத்திப்போட்டாளா என்று ஜெனீவாவுக்குப் புரியவில்லை. ரொட்டி நன்றாக இருந்தது.

"நீங்க நீர்மூழ்கிக் கப்பல்ல உள்ள போயிருக்கீங்களாமே. ஹாலிஸ் சொன்னான்."

"அஞ்சு தடவை. கப்பல் முதன்முதலா முங்கறப்ப அதைச் சோதிச்ச ஆளுங்களும் உள்ள இருக்கணும். அப்பதான் ஒழுங்கா சோதிப்போம்னு ஒரு எண்ணம்." ஜெனீவா கையைத் துடைத்துக்கொண்டாள். "முங்கறதுக்கு முன்னாடி ஒரு நூலை எடுத்து இந்தச் சுவர்லேருந்து அந்தச் சுவருக்கு இறுக்கிக் கட்டுவாங்க. விறைப்பா நிக்கும். கீழ போகப் போக, அந்த நூல் தொய்யும்."

"ஏன்?"

"கடல் கப்பலை நசுக்குதில்ல? அத்தனை தடியான எஃகு உள்பக்கமா வருது. நூல் தொங்கி, கடைசியில என் இடுப்புக்கிட்ட வந்துடுச்சு. வயசு முப்பது எனக்கு. பைப்புல ஒரு சொட்டு தண்ணி வருதான்னு பாக்கறதை விட்டுட்டு அந்த நூலையே பாத்துட்டு நின்னேன்."

ஷுஷானிக் அதை யோசித்துப் பார்த்தாள். "நான் தேடறது அந்த நூலைத்தான்," என்றாள். "ஆனா என் கப்பலுக்குள்ள யாரும் போய்க் கட்ட முடியாது."

"சொல்லு. நானும் முப்பது சோதனை பாத்துட்டேன், ஒருத்தரையும் கேட்டதில்ல."

"புரோட்டானுக்கு எவ்ளோ மின்சாரம், அது எங்க இருக்குன்னு ரொம்ப நாளாவே தெரியும். ஒளி போய்ப் பாத்துட்டு வந்து சொல்லிடும். ஆனா உள்ள எங்க தள்ளுது, எங்க இழுக்குது, எடை எங்க உக்காந்திருக்கு, இதெல்லாம் கேட்டா பதில் சொல்ல வேண்டியது ஈர்ப்பு விசை. கல்லை கீழ இழுக்குதே, அதே விசை. ஒரே ஒரு புரோட்டானை அதை வச்சுத் தொட்டுப் பாக்கறதுன்னா, இந்த உலகம் இருக்கறவரைக்கும் காத்திருந்தாலும் ஒண்ணும் தெரியாது. அவ்ளோ நோஞ்சான் விசை அது."

"அப்ப என்னத்துக்கு என் ஹைட்ரஜனை இடிக்கற?"

"குறுக்கு வழி. எலக்ட்ரான் இடிக்கறப்ப ஒரு ஒளித்துகள் உள்ள போகுது, ஒண்ணு வெளிய வருது. தனித்தனியா பாத்தா வெறும் ஒளி. போனதையும் வந்ததையும் ஒரு ஜோடியா வச்சுக் கணக்குப் போட்டா, ஈர்ப்பு விசை தொட்டா என்ன சொல்லுமோ அதுல ஒரு பகுதி தெரிய வருது. முன்னாடி ஒரு தடவை இப்படிப் பண்ணிப் பாத்திருக்காங்க. ஆனா சந்தேகம் இவ்ளோ அகலம்." கைகளை விரித்துக் காட்டினாள். "அதை நான் சுருக்கணும்."

"உள்ள எவ்ளோ அழுத்தம் இருக்கும்?"

"உலகத்துலயே ஆழமான கடல் பள்ளத்தோட அடியில இருக்கறதை எடுத்துக்கோங்க. அதுக்குப் பின்னால இருபத்தேழு சுழி போடுங்க. செத்து இறுகிப் போன நட்சத்திரத்தோட நடுவுலகூட அவ்ளோ கிடையாது."

ஜெனீவா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. இருபத்தேழு சுழிகளை மனதுக்குள் எழுதிப் பார்த்து நடுவில் எண்ணிக்கை தவறினாள். பிறகு தன் தொழில் கேள்வியைக் கேட்டாள்.

"அவ்ளோ அழுத்தத்தைத் தாங்கற சுவர் எதுல பண்ணது?"

"சுவர் இல்ல."

"ஏதாவது தோல் மாதிரி?"

"தோலும் இல்ல. நடுவுலேருந்து வெளிய போகப் போக, தள்ளறது குறைஞ்சு ஒரு இடத்துல நிக்கணும், அதுக்கப்புறம் இழுக்கணும். தள்ளறதையும் இழுக்கறதையும் கூட்டினா சுழி வந்தே ஆகணும். வரலைன்னா புரோட்டானே கிடையாது, நாமளும் கிடையாது. ஆனா உள்ளதான் தள்ளுதா, வெளியதான் இழுக்குதா? அப்படித்தான் இருக்கணும்னு எல்லாரும் நம்பறோம். அளந்து பாத்து உறுதியா சொல்லணும். தலைகீழா இருந்துச்சுன்னா…" அவள் தோளைக் குலுக்கினாள். "நான் படிச்ச படிப்பை யெரெவானுக்குத் திருப்பி அனுப்பிடலாம்."

திரையில் எண் இறங்கிக்கொண்டே இருந்தது. ஜெனீவா அந்தக் குழாயைப் பதினான்கு வருடமாகக் காவல் காத்திருக்கிறாள். அதற்குள் இருப்பதைக் காவல் காக்க யாருமே தேவைப்படவில்லை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மீதி நாட்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடின. நாற்பதுக்கு முப்பத்தாறு நாள் கிடைத்தது. பிறகு கூட்டம் கலைந்தது, புதுச் சோதனை வந்தது, புது ஆட்கள் வந்து அவள் பெயரைப் பார்த்துப் பழைய வேடிக்கையைச் சொன்னார்கள். ஒன்றரை வருடம் போனது. ஷுஷானிக்கை உணவகத்தில் பார்ப்பாள். "ஆச்சா?" என்பாள். "ஆகுது," என்பாள் அவள், கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஷுஷானிக் தொலைபேசியில் கூப்பிட்டாள். "பத்து மணிக்கு வாங்க. வேலை உடுப்போடவே வாங்க, பரவால்ல."

சின்ன அறை. பத்துப் பதினோரு பேர். சுவரில் இருந்த திரையின் ஒரு மூலையில் இத்தாலியிலிருந்து ஒரு ஆள் முகம் காட்டிக்கொண்டிருந்தார்; அங்கே மத்தியானம் தாண்டியிருந்தது, தாமதமான சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்திருந்தார். அவரிடம்தான் சாவி இருந்தது. ஆராய்கிறவர்களின் ஆசை கணக்கை வளைத்துவிடக் கூடாது என்பதற்காக, தரவுக்குள் ஒரு ரகசிய எண்ணைக் கலந்து வைத்திருந்தார்கள். ஒன்றரை வருடமாக அவர்கள் வேலை செய்தது உண்மையான விடைமேல் அல்ல. முகமூடி போட்ட விடைமேல். விடைக்கு முன்னால் வருவது கூட்டல் குறியா, கழித்தல் குறியா என்றுகூட ஒருவருக்கும் தெரியாது. இனி எதையும் மாற்ற மாட்டோம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு முகமூடியைக் கழற்றப் போகிறார்கள்.

ஜெனீவா கதவோரமாக நின்றாள். இத்தாலிக்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு எண்ணைப் படித்தார். ஷுஷானிக் தட்டச்சு செய்தாள். இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"இன்னும் ஒரு தடவை சொல்லுங்க, மார்செல்லோ."

அவர் நிதானமாகச் சொன்னார்.

திரையில் ஒரு கோடு வந்தது. இடது பக்கத்தில் உயரமாகத் தொடங்கி, சரிந்து, நடுக்கோட்டைக் கடந்து கீழே இறங்கி, அங்கே ஆழமில்லாத பள்ளம் மாதிரி கொஞ்ச தூரம் ஓடி, மெல்ல மேலேறி ஒன்றுமில்லாமல் போனது. அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. ஒல்லியான பட்டை.

அறையில் ஒருவர் மூச்சை விட்டார். ஷுஷானிக் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன ஆச்சு?" என்றாள் ஜெனீவா பக்கத்தில் இருந்தவரிடம். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஷுஷானிக் எழுந்து அவளிடம் வந்தாள். "ஜெனீவா ஜான்," என்றாள். தன் ஊர்ப் பேச்சில், உயிரானவர்களை அழைக்கிற மாதிரி. இதுவரை அப்படி அழைத்ததில்லை. கையைப் பிடித்துத் திரைக்குப் பக்கத்தில் கூட்டிப்போனாள். "கோட்டுக்கு மேல இருக்கறது தள்ளறது. கீழ இருக்கறது இழுக்கறது. பாருங்க. நடுவுல இவ்ளோ வேகமா வெளிய தள்ளுது. இங்க, இந்த இடத்துல ரெண்டும் இல்ல. இதுக்கு வெளிய சுத்திலும் உள்பக்கமா இழுத்துப் பிடிச்சிருக்கு. இந்தச் சாம்பல் பட்டைதான் எங்க சந்தேகம். அதுக்கு வெளிய போக வழியே இல்ல."

"அந்த நாலு நாள்?"

ஷுஷானிக் பென்சிலை எடுத்துப் பட்டையின் ஓரத்தில் வைத்தாள். "அந்த நாள் போகாம இருந்திருந்தா பட்டை இன்னும் இவ்ளோ ஒல்லியாயிருக்கும். உங்க முடி அளவுதான் வித்தியாசம்."

அவள் சிரித்தாள், கன்னத்தில் கண்ணீரும் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனீவா சிரிக்கவில்லை. அவள் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாள் முழுக்க அழுத்தப் படங்களைப் பார்த்தவள் அவள். எந்தப் படத்திலும் ஒரு இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு இருக்கும். அதுதான் சுவர், அந்தப்பக்கம் கடல், இந்தப்பக்கம் மனிதர்கள். இந்தப் படத்தில் அப்படி ஒரு கோடு இல்லை. தள்ளுவது முடிந்து பிடிப்பது தொடங்கிய இடத்திலும் தடுப்பு எதுவும் இல்லை, ஒன்று மெல்ல இன்னொன்றாக மாறியிருந்தது.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "இது எப்பவாவது கசிஞ்சிருக்கா?"

"கசியறதுன்னா?"

"பிடி விட்டு, உடைஞ்சு போயிருக்கா? ஏதாவது ஒண்ணு?"

ஷுஷானிக் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தனியா இருக்கற புரோட்டான் தானா உடைஞ்சதை யாரும் பாத்ததில்ல. ஜப்பான்ல ஒரு மலைக்கடியில பெரிய தொட்டி கட்டி, தண்ணியை நிரப்பி, இருட்டுல வருஷக்கணக்கா பாத்துக்கிட்டு இருக்காங்க. ஒண்ணு உடைஞ்சாலும் மினுக்குன்னு வெளிச்சம் தெரியும். இதுவரைக்கும் தெரியல."

"எத்தனை வயசு இதுக்கு?"

"எல்லாத்துக்கும் ஒரே வயசு. உலகம் உண்டான முதல் வினாடிக்குள்ள பிறந்தது. ஆயிரத்து முன்னூத்து எண்பது கோடி வருஷம்."

ஜெனீவா தலையாட்டினாள். மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ முணுமுணுத்துவிட்டு நடைகூடத்துக்கு வந்தாள். தண்ணீர்க் குழாயருகே குனிந்து ஒரு வாய் எடுத்தாள். சின்னப் பிள்ளை பயந்துகொண்டு நிற்பதுபோல நின்றாள். சுவரைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். ஐம்பத்தொன்பது வயதுக் கை, காய்ப்புக் காய்த்தது, கட்டைவிரலில் பழைய தீப்புண் தழும்பு. ஹாலிஸ் வந்து, "என்னம்மா, உடம்பு முடியலையா?" என்று கேட்டபோது, "ஒண்ணுமில்ல. ஒரு நிமிஷம் இரு," என்றாள்.

அவள் கணவன் லீலண்ட், ஓய்வு பெற்ற பாரந்தூக்கி ஓட்டி. அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அவனிடம் சொல்லப் பார்த்தாள். வறுத்த மீனின் முள்ளை எடுத்துக்கொண்டே அவன் கேட்டான். "எனக்குள்ள அவ்ளோ அழுத்தம் இருக்குங்கற?" "இருக்கு." "டாக்டர் வெறும் நூத்தம்பதுன்னுதான சொன்னான்." அத்தோடு விட்டுவிட்டாள். ஆனால் அது அவளை விடவில்லை. வெள்ளியும் சனியும் எதைத் தொட்டாலும் ஒரு கணம் கை நின்றது. சோப்பை, கதவுப் பிடியை, நாயின் காதை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. நோய் தீர்ந்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், மகன் சிறையிலிருந்து திரும்பியவர்கள் எழுந்து சொல்வார்கள். நாற்பது வருடமாக அந்தச் சபைக்கு வருகிற ஜெனீவா ஒரு தடவைகூட எழுந்ததில்லை. அன்று எழுந்துவிட்டாள். எழுந்தபிறகுதான் எழுந்தது தெரிந்தது. லீலண்ட் வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்த்தான்.

"எனக்குப் பேச வராது," என்றாள்.

"சொல்லு சிஸ்டர், பொறுமையா சொல்லு," என்றது ஒரு குரல்.

"உங்களுக்கெல்லாம் தெரியும், நான் கசிவு தேடறவ. முப்பத்தி நாலு வருஷமா தேடறேன். தேடி, கிடைக்காம இருந்ததில்ல."

"ஆமென்."

"நான் பண்ணதே கசிஞ்சிருக்கு."

"ஆமென்," என்றான் லீலண்ட் மிகச் சத்தமாக. சபை முழுக்கச் சிரித்தது. போதகரும் சிரித்தார். அவளும் சிரித்தாள், அதனால் கொஞ்சம் தைரியம் வந்தது.

"போன வியாழக்கிழமை ஒரு படத்தைப் பாத்தேன். நம்ம எல்லாரையும் எதால பண்ணியிருக்கோ, அதோட உள்பக்கம். இந்தக் கையில எத்தனை இருக்குன்னு எண்ண முடியாது. ஒவ்வொண்ணுக்குள்ளயும் வெளிய தள்ளிக்கிட்டே இருக்கு. நான் பாத்த எந்தக் கடலும் அப்படித் தள்ளினதில்ல. எந்தக் கப்பலும் தாங்காது. ஆனா அதுக்குச் சுவர் இல்ல. நான் கேட்டேன், சுவர் எங்கன்னு. இல்லைன்னாங்க. யாரும் பத்தவைக்கல. யாரும் மறை போட்டு இறுக்கல. தானே தன்னைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது." பேச்சு தடுமாறியது. "நான் தூங்கறப்ப நிக்குது. எங்கம்மா செத்தப்பவும் அவங்க கைக்குள்ள நின்னுக்கிட்டுதான் இருந்திருக்கு. நான் யாரையும் ஒண்ணும் நம்பச் சொல்லல. பாத்ததைச் சொல்றேன். எத்தனையோ கோடி வருஷமா… ஒண்ணு கூட…"

அவளால் முடிக்க முடியவில்லை. வழக்கமாக அந்த மாதிரி இடத்தில் ஆர்கன் வாசிக்கிறவர் ஒரு இசை இழையை வாசித்து ஆளைக் காப்பாற்றிவிடுவார். அவர் கை ஆர்கன் கட்டைகளின் மேல் அப்படியே இருந்தது. சபையில் ஒரு விசிறி கூட அசையவில்லை. ஜெனீவா உட்கார்ந்தாள். லீலண்ட் முன்பக்கம் பார்த்தபடியே அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் யூனிஸ் அவளைப் பிடித்துக்கொண்டாள். கப்பல் தளத்தில் அவளோடு பத்தொன்பது வருடமும் ஒரே குழுவில் சோதனை செய்தவள். ஊதா நிறத் தொப்பி, எதையும் லேசில் நம்பாத ஆள். தன் காரின் கதவைத் திறந்து, "உள்ள உக்காரு," என்றாள். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணு கூடவா கசியல?"

"ஒண்ணு கூட. ஜப்பான்ல தொட்டி கட்டி, தண்ணியை நிரப்பி, பாத்துக்கிட்டே இருக்காங்க."

"எவ்ளோ பெருசு, அவங்க பாத்த தொட்டி?"

"ஷுஷானிக்கிட்ட அப்புறம் கேட்டேன். அம்பதாயிரம் டன் தண்ணியாம்."

"எவ்ளோ நாள்?"

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல."

யூனிஸ் உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டாள். ஐம்பதாயிரம் டன், ஒரு சொட்டில் எத்தனை, இருபத்தைந்து வருடம். பாதியில் நிறுத்திவிட்டாள். சாவியைப் போட்டுவிட்டு, திருப்பாமல், கையை ஸ்டியரிங் மேல் வைத்தபடி இருந்தாள். லீலண்ட் தூரத்திலிருந்து, கோழி ஆறிப்போகும் என்று சைகை காட்டினான். இருவரும் பார்க்கவில்லை.

"அடியம்மா," என்றாள் யூனிஸ், ரொம்ப மெதுவாக.